நத்தை அக்காவின் புலம்பல் சங்கம்

எங்கள் விலங்கியல் துறையில் அவளை நத்தை அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து நத்தைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் என்பது பாதிக் காரணம். அந்த ஆராய்ச்சியை முடிக்காமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது மீதிக் காரணம். அந்த மீதியை மனசில் வைத்துத்தான் அலுவலகத்தில் யாரோ முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள். அக்கா முகம் சுளிக்கவில்லை. "நல்லவேளை, நான் சாணி வண்டு எடுக்கல" என்று சொல்லிவிட்டு அந்தப் பேரையே வைத்துக்கொண்டாள்.

அவள் ஆராய்ச்சி கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும். காய்கறித் தோட்டத்தில் இலையைக் கடித்துத் தின்னும் நத்தையைப் பொறுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வீசுகிறோம் இல்லையா, அது திரும்பி வருமா, வந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பதுதான் கேள்வி. அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொரு நத்தையின் ஓட்டிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். ஒரு தோட்டத்துக்குச் சிவப்பு, அடுத்ததற்கு நீலம். அவள் மேஜையில் புத்தகத்தைவிட நெயில் பாலிஷ் புட்டிகள்தான் அதிகம். புதிதாக வந்த பேராசிரியை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆராய்ச்சி பண்ற இடத்துல என்னம்மா அலங்காரம்" என்று கேட்டிருக்கிறார். "எனக்கில்ல மேடம், இவங்களுக்கு" என்று அக்கா கண்ணாடித் தொட்டியைக் காட்டினாளாம்.

அதற்கு முன்பு அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். நான் அவளைப் பார்க்கும்போது மகள் ஐந்தாம் வகுப்பு. "நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல படிச்சு முடிக்கிறாங்கன்னு பார்ப்போம்மா" என்று அது கிண்டல் பண்ணும். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சமையல், துணி துவைப்பது எல்லாவற்றிலும் கைகொடுக்கிற மனுஷன். ஸ்கூட்டரின் முன்பக்கம் நத்தைக் கூடையை வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அவளை இறக்கிவிடுவார். சொந்தக்காரர்கள் யாராவது "இவ இன்னுமா படிக்கிறா" என்று ஆரம்பித்தால், "அவ எப்பவோ படிச்சுட்டா, நத்தைதான் படிச்சுக்கிட்டிருக்கு. அது மெதுவாத்தான் படிக்கும்" என்று அவரே வாயை அடைத்துவிடுவார்.

எனக்கு அவள் பழக்கமானது நான் அழுதுகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில். என்னுடையது தவளை. முதல் வருடம் முழுக்கப் பாடுபட்டு எழுதிய அத்தியாயத்தை எங்கள் இருவருக்கும் கைடான பேராசிரியர் திருப்பிக் கொடுத்திருந்தார். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று ஒரே ஒரு வரி. மற்ற பக்கங்களில் ஒன்றுமே இல்லை. மாதிரிகள் வைக்கிற அறைக்குப் போய், ஜாடிகளில் மிதக்கிற பாம்புகளுக்கும் பல்லிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதேன். அங்கேதான் யாரும் வரமாட்டார்கள்.

அக்கா வந்தாள். கையில் ஒரு கூடை நிறைய முட்டை ஓடு. நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்துக்காக அதை அரைத்துப் போடுவாள். என்னைப் பார்த்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

"அவசரமில்ல. அழுது முடிச்சதும் இந்த உரலைக் கொஞ்சம் பிடிச்சுக்க. ஆடுது" என்றாள்.

நான் உரலைப் பிடித்துக்கொண்டேன். அவள் இடித்தாள். பாதி இடித்த பிறகு நானாகவே அந்தப் பென்சில் வரியைச் சொன்னேன்.

"ஒரு வரியாவது எழுதினாரே" என்றாள். "எனக்கு அதுவும் இல்ல. கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதைக் குடுத்து ரொம்ப நாளாச்சு. அவர் கேப்பாரோன்னு நான் பயந்துக்கிட்டு முன்படி பக்கமே போறதில்ல. பின்படியிலதான் ஏறி இறங்குறேன்."

"அவர்தானே உங்களைப் பார்த்துப் பயப்படணும்? நீங்க குடுத்துட்டீங்களே."

"கடைசி அத்தியாயம் எங்கேன்னு கேட்டா?"

இவ்வளவு பெரிய சீனியர் படிக்கட்டுக்குப் பயந்து ஓடுகிறாள் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஓடு இடிக்கப் போனேன். நூலகத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பேரை அக்கா கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் மாதிரி அறை என்று ஆகிப்போனது.

அதற்கு ஒரே ஒரு விதி. அந்த வாரம் செய்ததைச் சொல்லக்கூடாது, செய்யாததைத்தான் சொல்ல வேண்டும். "செஞ்சதைச் சொல்ல மீட்டிங் இருக்கு, செமினார் இருக்கு. செய்யாததை எங்க போய்ச் சொல்றது" என்பாள் அக்கா. ஒருத்தர் சொல்லி முடித்ததும் யாரும் புத்திமதி சொல்லக்கூடாது. கேட்டால் மட்டும் சொல்லலாம். அலுவலகத்துக்காரர்கள் எங்களுக்குப் புலம்பல் சங்கம் என்று பேர் வைத்தார்கள். அதையும் அக்கா அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு அட்டையில் எழுதி அறைக்கதவில் உள்பக்கமாக ஒட்டினாள்.

சங்கத்தில் அவரவர் ஆராய்கிற உயிர்தான் அவரவர் பேர்; நான் தவளை. எனக்கு அடுத்த வருடம் சிலந்தி வந்து சேர்ந்தான். சிலந்திகள் பின்னுகிற வலையை அளப்பது அவன் வேலை. கெட்டிக்காரப் பையன், நன்றாகப் பேசுவான். ஆனால் வெள்ளிக்கிழமை அவன் முறை வரும்போதெல்லாம், "செய்யாதது ஒண்ணுமில்லக்கா, எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பான். நாங்கள் பொறாமைப்படுவோம். அக்கா மட்டும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு கட்டத்தில் அவன் வருவது நின்றது. ஆய்வகத்திலும் காணோம். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்றார்கள். அவன் வீடே இந்த ஊரில்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அது பழைய அடுக்குமாடி வீடு. கதவைத் திறந்தது அவன் அம்மா. கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கிறவர். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாக நின்றார்.

"தம்பி இருக்கானாம்மா? நாங்க டிபார்ட்மெண்டுல கூடப் படிக்கிறோம்" என்றாள் அக்கா.

"அவனா? வழக்கம்போலக் காலையிலேயே லேபுக்குப் போயிட்டானே. நீங்க பார்க்கலையா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நாங்க இன்னும் அங்க போகலம்மா. இந்தப் பக்கமா வந்தோம், சேர்ந்து போகலாமேன்னு பார்த்தோம்" என்றாள். அது பொய்யும் இல்லை.

"அப்ப ஒரு உதவி பண்ணுங்க. சாப்பாட்டை மறந்து வெச்சுட்டுப் போயிட்டான்" என்று உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. "இப்பல்லாம் சரியாச் சாப்பிடுறதே இல்ல. வேலை ரொம்ப ஜாஸ்தி போல. நீங்க கொஞ்சம் பார்த்துக்கங்கம்மா."

தெருவுக்கு வந்ததும் நான் கேட்டேன், "இப்ப என்னக்கா பண்றது? ஆள் எங்கே இருக்கான்னே தெரியாது. சாப்பாட்டை வாங்கிட்டு வந்துட்டீங்க."

"வீட்டுல வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வேலைக்குப் போகாதவன் எங்கே போவான்? காசு கேக்கக்கூடாது. உட்கார்ந்தா யாரும் எழுப்பக்கூடாது. மழை வந்தாலும் நனையக்கூடாது. எதுக்கு உட்கார்ந்திருக்கேன்னு ஒருத்தரும் கேக்கக்கூடாது" என்று அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரெண்டு மாசம் பெரிய ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தேன். நோயாளிங்க காத்திருக்கிற ஹால்ல. ஆராய்ச்சிக்கு வந்த மூணாவது வருஷம். அங்க எல்லாரும் எதுக்கோ காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, உன்னை யாரு கவனிக்கப் போறா. சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போவேன். அவர்கிட்டகூடச் சொல்லல."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"ஒரு பாட்டியம்மா பக்கத்துல உட்கார்ந்து, 'உனக்கு என்னம்மா செய்யுது'ன்னு கேட்டாங்க. சொல்றதுக்கு ஒரு வியாதிகூட இல்லையேன்னு வெட்கமாப் போச்சு. எழுந்து வந்துட்டேன்."

ஆஸ்பத்திரியில் முதலில் தேடினோம். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம், இல்லை. வெளியே வந்தால் எதிரே வரியும் தண்ணீர் இணைப்பும் பார்க்கிற அரசு அலுவலகம். அக்கா ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.

உள்ளே பெரிய கூடம். இரும்பு நாற்காலிகள். மேலே பலகையில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. சிலந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பை மடியில். கையில் ஒரு டோக்கன். பலகையில் அவன் எண் வந்ததை நான் பார்த்தேன். அவன் எழுந்து கவுண்டருக்குப் போகவில்லை. டோக்கனைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வாசல் இயந்திரத்தில் புதிதாக ஒன்றைக் கிழித்துக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் எங்களைப் பார்த்தான்.

அக்கா டப்பாவை நீட்டினாள். "அம்மா குடுத்தாங்க. மறந்துட்டு வந்துட்டியாம்."

அவன் டப்பாவை வாங்கவில்லை. "அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நாங்க எதுக்குச் சொல்றோம். அது உன் வேலை. உட்காரு, ஆறிப்போகும்."

டப்பாவில் இருந்ததை மூன்றாகப் பிரித்து அங்கேயே சாப்பிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், யாருக்கு எந்த எண் என்று எட்டிப் பார்த்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சிலந்தி வாயைத் திறந்தான். நுண்ணோக்கியின் அளவுகோலை அவன் தப்பாகப் பொருத்தியிருக்கிறான். ஒரு வருடம் அளந்த அளவுகள் அத்தனையும் தப்பு. எழுதும்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. கைடிடம் போய்ச் சொல்ல மூன்று தடவை கிளம்பி, கதவுவரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறான்.

"எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்கக்கா" என்றான்.

"நாங்க அப்படி நெனைக்கல, அதைப் பத்திக் கவலைப்படாதே" என்றாள் அக்கா. அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினான்.

எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வா. இதை மட்டும் சொல்லு. அதுக்கு மேல அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்றாள்.

வந்தான், சொன்னான். பிறகு வண்டு ஆராய்ச்சி பண்ணுகிற பெண், தான் ஆறு மாதம் பெட்டியில் சேர்த்த வண்டுகளை எறும்பு தின்ற கதையைச் சொன்னாள். அவள் அதை அதுவரை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. திங்கட்கிழமை அக்கா அவனைக் கைடிடம் கூட்டிக்கொண்டு போனாள். முன்படி வழியாகத்தான். தனக்காக ஏறாத படியில் அவனுக்காக ஏறினாள். கைடு கேட்டுவிட்டு, "ஒரே மாதிரி தப்பா இருந்தா ஒரே மாதிரி திருத்திடலாமே" என்றாராம். நடுவில் லென்ஸ் மாற்றிய இடத்தில் மட்டும் கொஞ்சம் போனது. மீதி பிழைத்தது. அக்காவின் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் அன்று இருவருமே பேச்செடுக்கவில்லையாம்.

சிலந்தி அன்று சாயங்காலமே அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அளவுகளை எல்லாம் திருத்தி முடித்துவிட்டு, சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "நான் நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றான்.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். இவ்வளவு பாடுபட்டுத் திருத்தினாயே, இப்போதுபோய் விடுவதா என்று. புத்திமதி கூடாது என்கிற விதி காற்றில் பறந்தது. அக்கா கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஓடுறியா, போறியா?"

அவன் நன்றாக யோசித்தான். "போன தடவை ஓடினேன். இப்ப போறேன்க்கா. எனக்கு அந்த நுண்ணோக்கியைப் பிரிச்சு மாட்டுறதுல இருக்கிற ஆசை, வலையை அளக்குறதுல இல்ல."

"அப்ப நல்லபடியாப் போ."

அடுத்த நாள் அவன் அம்மா அக்காவுக்குப் போன் பண்ணினார். நான் பக்கத்தில் இருந்தேன். "பார்த்துக்கங்கன்னு உங்களை நம்பித்தானே சொன்னேன். படிப்பை விட்டுட்டு வர்றதுக்கா கூட்டிட்டுப் போனீங்க" என்று அந்தம்மா பேசியது எனக்கே கேட்டது. "உங்க கோபம் நியாயம்தாம்மா" என்று மட்டும் அக்கா சொன்னாள். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் முட்டை ஓட்டை இடித்துக்கொண்டே இருந்தாள். அது மாவாகிப் பறந்தது.

சிலந்தி கணக்கை முடித்துக்கொண்டு போக வந்த நாளில் அக்காவின் மேஜைக்கு வந்தான். "நீங்க கேட்ட மாதிரி நானும் ஒண்ணு கேக்கலாமாக்கா?"

"கேளு."

"நீங்க ஏன் முடிக்க மாட்டேங்கிறீங்க?"

"இன்னும் ஒரு மழைக்கால டேட்டா வேணும்டா. நீலப் புள்ளித் தோட்டத்துல கொஞ்சம் கம்மியா இருக்கு."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க. நத்தை திரும்பி வருதுன்னு உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. இன்னும் எத்தனை நத்தை வந்து சொல்லணும்?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "நீ விட்டுட்டுப் போறவன், எனக்கு முடிக்கச் சொல்லித் தர்றியா" என்றாள். அப்படி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அந்த வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. அவள் இல்லாமல் நாங்கள் உட்கார்ந்துவிட்டுச் சீக்கிரமே கலைந்துபோனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். சிலந்தியைப் போன் பண்ணி வரவழைத்திருந்தாள். அவன் கதவோரம் நின்றான்.

"முதல்ல நான் பேசுறேன்" என்றாள். "நான் செய்யாதது முடிவுரை, அந்தக் கடைசி அத்தியாயம். ரெண்டு வருஷமா அதைத் தொடல. டேட்டா எல்லாம் எப்பவோ போதும். குடுத்துட்டா, படிச்சுப் பார்த்துட்டு, இவ்வளவுதானான்னு கேட்டுடுவாங்களோன்னு இருக்கு. வேலையை விட்டுட்டு, பிள்ளையை வீட்டுல விட்டுட்டு, அந்த மனுஷனை நத்தை சுமக்க வெச்சு, கடைசியில இவ்வளவுதானான்னு." சிலந்தியைப் பார்த்தாள். "அன்னிக்கு உன்னைச் சொன்னது தப்புடா. வந்து உட்காரு."

அவன் வந்து உட்கார்ந்தான். யாரும் புத்திமதி சொல்லவில்லை. அவளாகவே கேட்டாள், "இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"கைடைப் போய்ப் பாருங்க. இப்பவே" என்றோம்.

போனாள். பழக்கதோஷம், கால் தானாகப் பின்படிக்குப் போயிருக்கிறது. பாதி ஏறியவள், மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த கைடு மேல் மோதாத குறையாக நின்றாள். அவர் கையில் குடை, பை, எல்லாம். வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் போல.

"சார், நீங்க எப்படி இந்தப் பக்கம்?"

அவர் திருதிருவென்று விழித்தார். பெரிய மனிதர், தலை நரைத்தவர். "உண்மையைச் சொல்லிடுறேன்மா. உன் அத்தியாயத்தை இன்னும் படிக்கல. முன்படியில உன்னைப் பார்த்துடுவேனோன்னுதான் ரொம்ப நாளா இப்படிப் போய்வர்றேன்" என்றார்.

இரண்டு பேரும் இத்தனை நாள் ஒருத்தருக்கொருத்தர் பயந்து ஒரே படியில் ஒளிந்து ஒளிந்து ஏறி இறங்கியிருக்கிறார்கள். அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தாளாம். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றே ஒரு தேதி குறித்தார்கள். அந்தத் தேதிக்கு அவர் படித்திருந்தார், ஓரமெல்லாம் பென்சில். அக்கா முடிவுரை எழுதினாள். படங்களை எல்லாம் சிலந்தி வந்து வரைந்துகொடுத்தான். அவனுக்கு அதற்குள் நுண்ணோக்கி பழுது பார்க்கிற நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது.

வாய்மொழித் தேர்வு அன்று கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சட்டையில், பக்கத்தில் மகள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, திரும்பி வர்ற நத்தைக்கு வழி எப்படித் தெரியுது?" என்றார்.

"தெரியாது சார்" என்றாள் அக்கா. "வருதுன்னு காட்டியிருக்கேன். எப்படின்னு கண்டுபிடிக்க இன்னொருத்தர் வரணும்."

அவர் சிரித்துவிட்டார். "இவ்வளவு தெளிவா ஒருத்தர் தெரியாதுன்னு சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். எல்லோரும் கைதட்டும்போது பின்வரிசையில் நர்ஸ் உடையில் ஒருவர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். சிலந்தியின் அம்மா. பணிக்கு நடுவில் வந்திருக்கிறார். கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் போய், "நல்லாப் பேசினீங்க" என்றார். பிறகு, "அவன் இப்ப சாப்பாட்டை மறக்காம எடுத்துட்டுப் போறான்" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அக்கா இப்போது வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மாதிரி அறையில் வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இன்னும் உட்காருகிறோம். எனக்குத்தான் கடைசி அத்தியாயம் பாக்கி. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினாள்.

"எங்கே நிக்குது?"

"அஞ்சாவது அத்தியாயத்துலக்கா. ரொம்ப மோசமா இருக்கு."

"எவ்வளவு மோசம்?"

"யாருக்கும் காட்ட முடியாத அளவுக்கு."

"காட்ட வேண்டாம். படி, கேக்குறேன். இவர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கார், நான் காய் நறுக்கிக்கிட்டே கேக்குறேன்."

நான் முதல் பத்தியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் பலகையில் கத்தி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது பக்கத்தில் அது நின்றது.

"அந்த வரியை இன்னொரு தடவை படி, தவளை" என்றாள். "அது நல்லா இருக்கு."